மாஸ்டரின் வலது கால்

மாஸ்டருக்குக் கட்டிலில் படுத்தால்தான் தூக்கம் வரும். ஓடுகிற வண்டியில் அவர் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் உயிரை வாங்குவார்கள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து, போக இருந்த உயிரை நிறுத்தி வைப்பார். அந்தப் பழக்கம் வலது காலில் ஊறிப்போய்விட்டது. பஸ்ஸில் ஏறினாலும் கால் தரையை மிதிக்கும். ஆட்டோவில் ஏறினாலும் மிதிக்கும். மகளுடைய ஆபீஸ் லிஃப்டில் இறங்கும்போது, நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அவர் ஓங்கி ஒரு மிதி மிதித்ததை அவர் மனைவியே கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆனால் இது மாஸ்டரின் கதை இல்லை. கதை அந்த மனைவியுடையது. ஸ்கூலின் முன்னறையில் அவருக்கு ஒரு மேசை. மேசைமேல் பசை டப்பா, ஸ்டாம்ப் பேடு, போட்டோவை ஓரம் வெட்டுவதற்கு ஒரு சின்னக் கத்தரிக்கோல். பழகுநர் உரிமத்திலிருந்து லைசென்ஸ் புதுப்பிப்பதுவரை அத்தனை படிவமும் அவர் கையெழுத்தில்தான் போகும். லைசென்ஸ் ஆபீஸில் பியூன் முதல் ஆய்வாளர் வரை எல்லாருக்கும் அவர் 'ஃபாரம் அக்கா'. நாமும் அப்படியே கூப்பிடுவோம். நாலாயிரம் பேருக்கு மேல் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த கை அது. அந்தக் கைக்கு மட்டும் லைசென்ஸ் கிடையாது என்று மாஸ்டர் நம்பிக்கொண்டிருந்தார்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், மைதானத்தில் வைத்து மாஸ்டர் தன் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த வகுப்பு பத்தே நிமிஷம்தான் நடந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கைப் பத்தொன்பது தடவை மிதித்தார். எண்ணியது அக்கா. மைதானத்தில் ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை, சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாவது மிதிக்குப் பிறகு, "நீ ஃபாரம் எழுதறதுக்குத்தான் லாயக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அக்கா கதவைத் திறந்தார், இறங்கினார், வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்.

அந்த வார்த்தை அக்காவுக்கு வலித்தது. அன்றைக்கு மட்டுமில்லை, அப்புறமும் வலித்தது. மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. படிக்கிறவர் தேறிவிட்டார் என்று பட்டால், அதே மைதானத்தில் நடு வகுப்பில் வண்டியை நிறுத்தச் சொல்வார். கீழே இறங்கிக் கதவைச் சாத்துவார். "ஒரு ரவுண்டு தனியா போயிட்டு வா" என்பார். பாராட்டு, கைகுலுக்கல் எதுவும் கிடையாது, அந்த ஒரு வரிதான். முதல் தனி ரவுண்டை முடித்துவிட்டு ஸ்கூலுக்குத் திரும்பி வருகிறவர்களின் முகத்தை அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்போது தனக்கு அது வாய்க்கவில்லையே என்று இருக்கும். அதைக் காட்டிக்கொள்ளாமல், "ரெண்டு போட்டோ கொண்டு வந்தீங்களா?" என்று கேட்பார்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா திடீரென்று தினமும் காலையில் வாக்கிங் போக ஆரம்பித்தார். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வருவார். "எவ்வளவு நடந்தும் உனக்கு இளைக்கவே மாட்டேங்குதே" என்று மாஸ்டர் ஆச்சரியப்படுவார். எப்படி இளைக்கும்? அக்கா நடந்தது மூன்றாவது தெரு முனைவரைதான். அங்கே ஒரு கார் நிற்கும். அதில் 'பத்துநாள் மாஸ்டர்' உட்கார்ந்திருப்பார். பத்தே நாளில் கற்றுக்கொடுப்பதாக போர்டு மாட்டியிருந்த எதிர் ஸ்கூல்காரர். அவர் பெயரைச் சொன்னாலே நம் மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆனால் பத்துநாள் மாஸ்டரிடம் ஒரு குணம் இருந்தது. அவர் பிரேக்கை மிதிக்கமாட்டார். வண்டி எங்கே போனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெற்றிலை மெல்லுவார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

சோதனை நாளில் ஆய்வாளர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து, திரும்ப ஒருதரம் பார்த்தார். "அக்கா, மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் இந்த வண்டில வர்றேன்?"

ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து ஆபீஸ் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. ஒரு பெரிய ஆபீஸில் பியூன் முதல் ஆய்வாளர்வரை இரண்டு வருஷம் ஒரு ரகசியம் தங்கியது என்றால் அதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். என்ன செய்வது, எல்லாருடைய படிவமும் அக்கா கையில் இருந்தது. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா அவளுடைய வண்டியை ஓட்டுவார், நெடுஞ்சாலையில்கூட. மகளும் அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

அந்த மகள்தான் இருவருக்கும் ஐரோப்பா பயணம் ஏற்பாடு செய்தாள். பதினோரு நாள் கூட்டத்தோடு கோச் பஸ்ஸில். அதற்குப் பிறகு மூன்று நாள் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில், இவர்கள் இருவர் மட்டும், வாடகைக் காரோடு. கார் மாஸ்டரின் ஆசை. "வாழ்க்கையில ஒரு தடவையாவது வெளிநாட்டு ரோட்ல ஓட்டணும்" என்று வெளிநாட்டு பர்மிட்டுக்கு எழுதினார். எழுதியது அக்கா. ஒரே மேசை, ஒரே பேனா, ஒரே நாளில் இரண்டு படிவம். ஒன்றில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றில் யார் போட்டார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பதினோரு நாளும் மாஸ்டர் கோச் பஸ்ஸின் முதல் வரிசையில் உட்கார்ந்து தரையை மிதித்தார். மலைப்பாதையில் மிதித்தார், சுரங்கப்பாதையில் மிதித்தார், நின்றிருந்த பஸ்ஸில் ஒருதரம் மிதித்தார். ஒவ்வொரு ஊரிலும் இறங்கும்போது டிரைவருக்கு மார்க் போட்டார். "வளைவுல நல்லா எடுத்தான். இண்டிகேட்டர் கொஞ்சம் லேட்டு. பாஸ் பண்ணலாம்." மற்றவர்கள் கோபுரங்களையும் பாலங்களையும் படம் பிடித்தார்கள். அக்கா அந்த டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் ஓடின. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. ரவுண்டானாவை நம் ஊருக்கு நேர் எதிராகச் சுற்றினார்கள். எந்த இடத்தில் தலையைத் திருப்புகிறான், எப்போது கியரை மாற்றுகிறான் என்று அக்கா ஒன்றுவிடாமல் மனசில் ஏற்றிக்கொண்டார். ஊர் திரும்பியதும் அங்கே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

வாடகைக் கார் கொடுக்கிற கவுண்டரில் மாஸ்டர் தன் பர்மிட்டைக் காட்டிவிட்டு, "டயர் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று வெளியே போனார். எந்த வண்டியையும் அவர் டயரை உதைத்துப் பார்க்காமல் எடுக்கமாட்டார். நாலு டயரை உதைக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். தைலம், மாத்திரை, சேஃப்டி பின் எல்லாம் வைத்திருக்கும் கைப்பையின் உள் அறையிலிருந்து தன் லைசென்ஸையும் பர்மிட்டையும் எடுத்துக் கவுண்டர் பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண் இரண்டாவது டிரைவர் என்று பதிந்துகொண்டாள். ஓட்டுகிற எண்ணம் அக்காவுக்கு அப்போது இல்லை. சும்மா இருக்கட்டுமே என்றுதான்.

வெளியே மாஸ்டர் டயர்களுக்கு பாஸ் போட்டுவிட்டு, வலது பக்கக் கதவைத் திறந்து ஜம்மென்று உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை. ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு முன்னாலிருந்த சின்ன அறையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குடைந்தார்.

"என்ன தேடறீங்க?" என்றார் அக்கா.

"பேப்பரெல்லாம் இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்று இறங்கி, அசடு வழிய மறுபக்கம் சுற்றிப் போனார். அன்றைக்கு மட்டும் இப்படி நாலு தடவை பேப்பர் பார்த்தார்.

ஓட்டியது எப்படி என்கிறீர்களா? ஒழுங்காகத்தான் ஓட்டினார். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில். பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. வழியில் ஒரு ரவுண்டானாவில் எந்த வழியாக வெளியே போவது என்று புரியாமல் ஐந்து சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இவர்களுக்குக் கையசைத்தார். ஐந்தாவது சுற்றில் அக்கா அவருக்குத் திரும்பக் கையசைத்தார். எந்த வழி என்று அக்காவுக்கு முதல் சுற்றிலேயே தெரியும். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தவர் "ஐயோ" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கெண்டைக்கால் கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கணுக்கால் வேறு வீங்கியிருந்தது. அக்கா தைலத்தைத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைப்பெண் அழுத்திப் பார்த்துவிட்டு, அரைகுறை இங்கிலீஷில் கேட்டாள், "ஓடினாரா? மலை ஏறினாரா?"

"பிரேக் போட்டார்" என்றார் அக்கா, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு நாள்."

மருந்துக்கடைப் பெண்ணுக்குப் புரியவில்லை. மாஸ்டருக்கு நன்றாகவே புரிந்தது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இறுக்கிக் கட்ட ஒரு பட்டையும் தடவ ஒரு களிம்பும் கொடுத்து, நாலு நாளைக்கு அந்தக் காலை ஊன்றக்கூடாது, வண்டி ஓட்டவே கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

சிக்கல் புரிந்தது அப்போதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு விமானம். விமான நிலையம் நூற்றுநாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காரை அங்கே கொண்டுபோய் ஒப்படைக்கவேண்டும். அந்தச் சின்ன ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் கிடையாது. ஹோட்டல்காரர் நல்ல மனுஷர், "என் மைத்துனன் ஓட்டிக்கொண்டு வருவான்" என்று உடனே ஆளனுப்பினார். மைத்துனன் தன் காரில் வந்து இறங்கினான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், "இவன் வேண்டாம்" என்றார்.

"ஏங்க? ஆளு உள்ளேயே வரலியே!"

"சரிவுல நிறுத்திட்டு ஹாண்ட் பிரேக் போடாம இறங்கறான். கியர்ல விட்டிருந்தாலும் சக்கரத்தையாவது ஓரமா திருப்பணும். ஃபெயில்."

மைத்துனனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, இருவரும் ஹோட்டலுக்கு முன்னால் ஏரியைப் பார்த்த மேசையில் போய் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயில். தண்ணீரில் நாலு படகு. மாஸ்டர் கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். "பல்லைக் கடிச்சுக்கிட்டு நானே ஓட்டிடறேன்" என்றார். "நடுவுல கால் இழுத்துக்கிச்சுன்னா?" என்றார் அக்கா.

அக்கா கைப்பையைத் திறந்தார். லைசென்ஸையும் பர்மிட்டையும் எடுத்து, படிவங்களை கவுண்டரில் அடுக்குவது மாதிரி மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தொழில்காரர் இல்லையா, முதலில் தேதியைப் பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். கடைசியாகத்தான் போட்டோவைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது... நீயா?"

"போட்டோ அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ரெண்டு வருஷம் ஆயிருக்கு!"

"ஆமா."

மாஸ்டர் நிமிர்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி ஏன் என்பதில்லை, எப்படி என்பதும் இல்லை. "எந்த ஸ்கூல்?" என்றார்.

"முதல்ல நிம்மதியா உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன்! எந்த ஸ்கூல்?"

"பத்துநாள் மாஸ்டர்."

ஏரியில் இருந்த நாலு படகுக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி மாஸ்டர் கத்தினார். "அவன்கிட்டயா! கிளட்ச் எங்க இருக்குன்னு அவனுக்கே தெரியாதே! வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?"

"கிடைச்சாரு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி. பத்து நிமிஷம்."

மாஸ்டருக்கு மெதுவாக ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. "அப்போ வாக்கிங்?" என்றார்.

"மூணாவது தெரு முனைவரைக்கும் நடப்பேன்."

"அதான் இளைக்கலியா?"

"அதான் இளைக்கல."

அதற்குமேல் மாஸ்டர் பேசவில்லை. சாப்பிடும்போது பேசவில்லை. பெட்டியை அடுக்கும்போதும் பேசவில்லை. அக்காவுக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. நாளைக்குத் தன் ஓட்டம் எப்படி இருக்குமோ என்கிற பயம் ஒரு பங்கு. பக்கத்தில் இவர் உட்கார்ந்து மறுபடியும் பத்தொன்பது தடவை மிதித்தால் என்ன ஆகும் என்கிற பயம் மூன்று பங்கு. நடந்தே போய்விட இது நம் ஊர் மைதானமும் இல்லை. அக்காவுக்கு விமானம்கூடப் பெரிதாகப் படவில்லை. ஒரே ஒரு தடவை, தான் ஓட்டும்போது, இந்த மனுஷர் காலைத் தூக்கிவைத்துவிட்டுச் சும்மா உட்காரவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

காலையில் அக்கா பெட்டிகளை ஏற்றினார். மாஸ்டர் நொண்டிக்கொண்டே வந்தார், பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்தார், உட்கார்ந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக சரியான கதவைத் திறந்திருந்தார். அது அவருக்கு உறைத்ததோ என்னவோ, முன்னாலிருந்த சின்ன அறையை அவர் தொடவில்லை. அக்கா சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் ஒன்று புரிந்தது. நம் ஊர் வண்டியில் இடது சீட்டு மாஸ்டருடையது, வலது சீட்டு கற்றுக்கொள்கிறவருடையது. முப்பத்தோரு வருஷமாக அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் அக்கா இருந்தார். கத்துக்குட்டி சீட்டில் மாஸ்டர் இருந்தார்.

"பெல்ட் போட்டாச்சா?" என்றார் அக்கா.

"ம்."

"வாயால சொல்லணும். நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்வீங்க."

"போட்டாச்சு" என்றார் மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அக்கா சீட்டை முன்னால் இழுத்தார். மூன்று கண்ணாடியையும் தனக்கு ஏற்றபடி திருப்பினார். சாவியைத் திருகி, வலது கையால் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆகிவிட்டது. கெண்டைக்கால் வலியையும் மீறி மாஸ்டரின் கால் தரையில் ஒரு அறை அறைந்தது. "ஆ!" என்று அவரே கத்திக்கொண்டார். ஒன்று, என்று அக்கா மனதுக்குள் எண்ணினார். இரண்டாவது தடவை வண்டி நகர்ந்தது. தெருமுனையில் ஒரு சைக்கிள் வந்தது, இரண்டு. சிக்னலில் மூன்று, நாலு. "கண்ணாடி பாரு... கண்ணாடி... கால்! கால்! கால்!" அந்தக் கால் கால் காலுக்குள் ஐந்தும் ஆறும். டீக்கடைப் பெரியவர் இருக்கிற ரவுண்டானா வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் பார்த்து, உள்ளே நுழைந்து, இரண்டாவது வழியில் இண்டிகேட்டர் போட்டு வெளியே வந்தார். பெரியவர் கையைத் தூக்குவதற்குள் வண்டி போய்விட்டது. அழகாகத்தான் எடுத்தார். அதற்கும் மாஸ்டரின் கால் மூன்று தடவை மிதித்தது.

ஊரைத் தாண்டியதும் வண்டிகள் நிற்பதற்கென்று ஓரத்தில் ஒரு இடம் இருந்தது. அக்கா இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

"ஒன்பது ஆச்சு."

"என்ன ஒன்பது?"

"அன்னிக்கு மைதானத்துல பத்தொன்பது மிதிச்சீங்க. இன்னிக்கு ஊரைத் தாண்டறதுக்குள்ள ஒன்பது. இங்க உங்க காலுக்குக் கீழ பிரேக்கும் கிடையாது. பத்தாவது தடவை மிதிச்சீங்கன்னா நான் இறங்கி நடந்துடுவேன். நடக்கறது எனக்குப் பழக்கம்தான்."

மாஸ்டர் சிரிப்பார் என்று அக்கா நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு இருந்தார். "பத்தொன்பதா எண்ணினே?" என்றார் கடைசியில்.

"எண்ணினேன். அப்புறம் நீங்க சொன்னதையும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"ஃபாரம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அதைச் சொல்லியிருக்கக்கூடாது. நீ நடந்து போனதும் நான் அங்கயே உக்காந்திருந்தேன், ஒரு மணி நேரம். மத்தவங்க ஓட்டும்போது, போனா வண்டிதானே போகும்னு இருப்பேன். நீ ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பயந்துட்டேன். பயந்தேன்னு சொல்ல முடியுமா? மாஸ்டராச்சே. அதான் திட்டிட்டேன்."

இருபத்தேழு வருஷமாக அக்கா அந்த வார்த்தைக்கு என்னென்னவோ காரணம் யோசித்திருந்தார். இது அதில் இல்லை. கண் நிறைந்துவிட்டது. ஆனால் கண் நிறைந்தால் ரோடு தெரியாதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு இந்த வெத்தலை வாசனையை மாசக்கணக்கா மோந்துக்கிட்டு ஓட்ட வேண்டியிருந்திருக்காது" என்றார்.

"இப்பவும் மெல்லறானா அவன்?"

"பாக்கெட் பாக்கெட்டா."

இப்போது மாஸ்டர் சிரித்தார். பிறகு குனிந்து, காலடியில் கிடந்த தோள்பையை இழுத்து, சுருட்டி, அதன்மேல் வலது காலைத் தூக்கி வைத்தார். தரையைத் தொடமுடியாத உயரம். "எடு வண்டியை" என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அக்காவுக்குக் கை நிலைப்பட்டது. மூன்றாவது கியரில் இருந்து நாலு, நாலில் இருந்து ஐந்து. மாஸ்டர் கொஞ்ச நேரம் வாயால் மட்டும் ஓட்டினார். "கிளட்ச் மேலயே காலை வச்சிருக்கே பாரு, இது அவன் சொல்லிக் கொடுத்த வியாதி." அக்கா காலை எடுத்தார். "லாரிக்குப் பின்னால ஒட்டாதே." அக்கா இடைவெளி விட்டார். அப்புறம் "ம்" என்றார். அப்புறம் அந்த "ம்"மும் நின்றது. கோபமோ, வலியோ, ஏதோ ஒன்று என்று அக்கா நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்க முடியவில்லை. வலப்பக்கம் லாரி, இடப்பக்கம் பறக்கிற கார்கள், நடுவில் இவர்.

இருபது கிலோமீட்டர் போயிருக்கும். வண்டியில் கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. அக்காவுக்குத் திக்கென்றது. என்ஜின்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கியரைக் குறைத்துப் பார்த்தார். சத்தம் குறையவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் அதே சத்தம், நடுநடுவே ஒரு விசிலோடு. அந்த விசிலை அக்காவுக்குத் தெரியும். இருபத்தொன்பது வருஷமாகப் பக்கத்துத் தலையணையிலிருந்து கேட்டுவருகிற விசில் அது.

முன்னால் வண்டிகள் தேங்கி நின்ற ஒரு நிமிஷத்தில்தான் அக்கா தைரியமாகத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வாயைத் திறந்து, தலையை ஜன்னலில் சாய்த்து, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியில். கால் பையின்மேல் அப்படியே கிடந்தது. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "இருப்பா, ஆளு தூங்கறாரு" என்று தமிழில் அவனுக்குச் சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த தூரம் முழுவதும் பிரேக்கை அக்கா பூப்போல மிதித்தார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வாடகைக் கார்களை ஒப்படைக்கிற மைதானம் பெரியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிக்குமேல் காலி. அக்கா கோட்டுக்குள் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்ததும் மாஸ்டர் திடுக்கிட்டு விழித்தார். வெளியே பார்த்தார். வாட்சைப் பார்த்தார். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துட்டோமா?"

"வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்று அக்கா பொய் சொன்னார்.

"நான் தூங்கல. கண்ணை மூடி கிளட்ச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து, ஒற்றைக் காலில் இறங்கி, பின்னாலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தார். "நான் எடுக்கறேங்க, நீங்க ஊனாதீங்க" என்று அக்கா பெல்ட்டைக் கழற்றப் போனார். மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். வந்து தான் இறங்கிய கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

அந்த வரிக்கு அக்கா இருபத்தேழு வருஷம் காத்திருந்தார். ஆனால் வரும்போது அது வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ ஒப்படைக்கிற பேப்பரைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தார்.

"டைம் இருக்கு" என்றார் மாஸ்டர். "ஒரு ரவுண்டு தனியா போயிட்டு வா."

அக்கா பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார். சாவியைத் திருகினார். கண்ணாடி மூன்றையும் பார்த்தார். வண்டி துள்ளாமல் நகர்ந்தது. காலி மைதானத்தின் ஓரமாக, பக்கத்து சீட்டில் ஒருவரும் இல்லாமல், அக்கா முதல் வளைவை எடுத்தார். பெட்டிகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த மாஸ்டரைக் கடந்தபோது அவர் முகத்தைப் பார்த்தார். தன் முகம் எப்படி இருந்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. நாலாயிரம் பேர் முகத்தைப் பார்த்தவருக்குத் தன்னுடையதைப் பார்க்க வழியில்லை.

ஒரு ரவுண்டு முடிந்தது. வண்டி நிற்கவில்லை.

"ஏய்! ஒரு ரவுண்டுதான் சொன்னேன்!" என்று மாஸ்டர் கத்தினார். அக்கா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு இரண்டாவது ரவுண்டுக்குப் போனார். கோடியில் வளைவைக் கொஞ்சம் வேகமாகத்தான் திருப்பினார். மாஸ்டர் தூக்கி வைத்திருந்த வலது கால் தரையை நோக்கி இறங்கியது. மிதிக்க இருந்த இடத்தில் நின்றது. பிறகு அவர் பெரிய பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கிச் சின்னப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு, மனைவி மூன்றாவது ரவுண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.